யாரைக் குற்றம் சொல்லலாம்?

யூதர்கள் மேல் உலகம் இதுவரை சுமத்தியிருக்கும் குற்றங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் தலை சுற்றும். அவர்கள் பணமூட்டைகள், உலகத்து வங்கிகளெல்லாம் அவர்கள் பிடியில் இருக்கின்றன. அவர்கள் பொதுவுடைமைக்காரர்கள், பணக்காரர்களின் சொத்தைப் பிடுங்கவே புரட்சி செய்கிறார்கள். யாரோடும் ஒட்டாமல் தனியாக ஒதுங்கி வாழ்கிறார்கள். எல்லோரோடும் கலந்து, ஆளே தெரியாமல் எங்கும் நுழைந்துவிடுகிறார்கள். சொந்த நாடு இல்லாமல் திரிந்தது ஒரு குற்றம். சொந்த நாடு தேடிக்கொண்டது அதைவிடப் பெரிய குற்றம். கோழைகள், அதே சமயத்தில் யுத்த வெறியர்கள்.

ஒரே ஆசாமியின் பேரில் இப்படி ஒரு குற்றப் பத்திரிகையைத் தாக்கல் செய்தால் எந்த மாஜிஸ்டிரேட்டும் சிரித்துவிட்டு வழக்கைத் தள்ளிவிடுவார். ஆனால் இந்த வழக்கோ நூற்றாண்டு நூற்றாண்டாகத் தள்ளுபடியாகாமல் நடந்து வருகிறது. 60 லட்சம் யூதர்களைக் கொன்று தீர்த்த ஹிட்லரின் ஆட்சி 1945-ஆம் வருஷத்தில் ஒழிந்தபோது, இனி இந்தக் கட்டை ஒருவரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்றே நல்லவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது.

அமெரிக்காவில் யூதர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சுமார்தான் இருக்கிறார்கள். ஆயினும் மதத்தின் பேரால் அங்கே நடக்கும் துவேஷக் குற்றங்களில் பாதிக்கு மேல் யூதர்களைக் குறித்தே நடப்பதாக அந்நாட்டு மத்தியப் புலனாய்வு இலாகாவின் கணக்குக் காட்டுகிறது. 2022-இல் 1,122 ஆக இருந்த எண்ணிக்கை 2023-இல் 1,832 ஆயிற்று. 2018 அக்டோபர் 27-ந் தேதி, பிட்ஸ்பர்க் நகரில் சனிக்கிழமைக் காலைப் பிரார்த்தனைக்கு வந்தவர்களில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 அக்டோபர் 2-ந் தேதி மான்செஸ்டரில் ஒரு பிரார்த்தனை ஆலயத்தின் வாசலில் நடந்த தாக்குதலில் இரண்டு உயிர்கள் போயின. அதே வருஷம் டிஸம்பர் 14-ந் தேதி, ஸிட்னியின் பாண்டி கடற்கரையில் தீபத் திருநாள் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் குண்டு பொழிந்து 15 பேரைக் கொன்றார்கள். (அங்கே கொலைகாரர்களில் ஒருவன்மேல் வெறுங்கையோடு பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர் சிரியாவில் பிறந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர். இந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துச் சம்பவம் மட்டும் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. 2019 அக்டோபர் 9. யூதர்கள் உபவாசமிருந்து பிழை பொறுக்க வேண்டும் புனித நாள். ஆலயத்துக்குள்ளே ஐம்பது பேர் இருப்பார்கள். தானே தயாரித்த துப்பாக்கிகளுடன் ஒருவன் வந்து கதவைச் சுடுகிறான். பூட்டியிருந்த கனத்த மரக்கதவு. அது அசைந்து கொடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் காவல் காமிராவில் அவனைப் பார்த்துக்கொண்டே நாற்காலி மேஜைகளை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுக்கிறார்கள். ஆத்திரம் தாங்காத அந்தப் பாவி தெருவோடு போன ஒரு பெண்மணியையும், பக்கத்து உணவு விடுதியிலிருந்த ஓர் இளைஞனையும் சுட்டுக் கொன்றான். அந்த இருவரும் யூதர்களே அல்ல.

இவையெல்லாம் எங்கோ மேல்நாட்டில் நடப்பவை என்று நாம் இருந்துவிட முடியாது. 2008 நவம்பரில் பம்பாய்க்குள் புகுந்த கொலைகாரர்கள் கொலாபாவில் ஒரு சந்துக்குள் இருந்த நாரிமன் மாளிகை என்ற சின்ன யூத விடுதியைத் தேடிக்கொண்டு போனார்கள். இத்தனை பெரிய நகரத்தில், இத்தனை கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில், அந்த ஒரு வீட்டைத் தேடிப் போக வேண்டுமென்று அவர்களுக்கு யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். அங்கே ஆறு பேர் மாண்டார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்றை நம் நாட்டு ஆயா ஒருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்து காப்பாற்றினாள்.

இதற்கெல்லாம் காரணம் என்ன? "நெருப்பில்லாமல் புகையுமா? அவர்களிடம் ஏதோ தப்பு இருக்கத்தானே வேண்டும்?" என்று சாதுவான மனிதர்கள்கூடக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை காண நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. கொச்சி வரையில் போனால் போதும்.

சில வருஷங்களுக்கு முன் மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இன்னும் அங்கே இருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், சீனத்திலிருந்து வந்த நீல வர்ண ஓடுகள் காலடியில் குளிர்ச்சியாக இருக்கின்றன. தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள். ராஜாவின் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால், 1000-ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோஸப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை, பேரிகை முதலான எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கி வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான்.

இந்த மலையாளக் கரை யூதர்கள் எவ்விதத்தில் ஐரோப்பிய யூதர்களுக்கு வேறுபட்டவர்கள்? அதே வேதம், அதே சனிக்கிழமை விரதம், அதே வியாபாரம். தனித் தெருவில் வாழ்ந்தார்கள். தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்தார்கள். ஐரோப்பாவில் கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அத்தனை லட்சணங்களும் அவர்களுக்கும் இருந்தன. இருந்தும் அக்கம் பக்கத்தார் அவர்களைப் பூதமாகக் கண்டதில்லை. 1524-இல் கொடுங்கல்லூரில் மிளகு வியாபாரப் போட்டியால் யூதர்கள் தாக்கப்பட்டது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சண்டை வேறு, துவேஷம் வேறு. துவேஷம் என்ற சரக்கு கப்பலேறி வந்தது போர்ச்சுகீசியரோடுதான். கோவாவில் மத விசாரணை மன்றம் வைத்ததும், 1662-இல் மட்டாஞ்சேரி ஆலயத்தைச் சூறையாடியதும் அவர்களே. பிற்பாடு 1948-இல் இஸ்ரேல் ஏற்பட்ட பிறகு கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் போய்விட்டார்கள். யாரும் துரத்திப் போனவர்களல்ல.

(நாம் மட்டும் என்ன யோக்கியமா என்றால், நம்முடைய சரக்கையும் அவர்களுக்குக் கொடுக்காமல் விடவில்லை. பரதேசி ஆலயத்தில் வெள்ளை யூதர்கள் மற்ற யூதர்களைச் சரிசமமாக உட்கார விடாமல் ஜாதி பார்த்தார்கள். அதை எதிர்த்து ஏ. பி. ஸேலம் என்ற வக்கீல், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார்.)

ஆகவே வியாதி யூதரிடம் இல்லை. யூதரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதையில் இருக்கிறது. கதை வழங்காத ஊரில் வெறுப்பும் இல்லை. கதை போய்ச் சேர்ந்த ஊரில், யூதரே இல்லாவிட்டாலும், வெறுப்புத் தோன்றிவிடுகிறது.

ஐரோப்பாவில் அந்தக் கதை, ஏசுநாதரைக் கொன்ற ஜாதி என்ற பழியில் தொடங்கிற்று. பிறகு யூதர் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது, கைத்தொழில் சங்கங்களில் சேரக் கூடாது என்று ஒவ்வொரு கதவாக அடைத்தார்கள். கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தபடியால் லேவாதேவி என்ற ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. அதன் வழியே போனவர்களைப் பார்த்து, "ஆ! வட்டிக்காரன்!" என்றார்கள். மன்னர்கள் யூதர்களிடம் வரியைக் கறந்துகொண்டு, கடன்பட்ட ஜனங்களின் கோபத்தை மட்டும் யூதர்களுக்கே விட்டுவைத்தார்கள்.

1348-இல் கொள்ளை நோய் வந்தது. யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்ததே காரணம் என்று பேச்சுக் கிளம்பிற்று. அப்போதைய போப்பாண்டவர் ஆறாம் கிளெமெண்ட், "யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே, யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறதே" என்ற கருத்தில் நியாயமாகத்தான் எடுத்துச் சொன்னார். கேட்பார் இல்லை. 1349 பிப்ரவரி 14-ந் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு கொளுத்தினார்கள். நோய் அந்த ஊருக்கு அப்போது வந்துகூடச் சேரவில்லை! கொளுத்தி முடித்த பிறகு, யூதர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்களெல்லாம் ரத்தாகிவிட்டன. இந்தக் கடைசி விவரத்தை நேயர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துவேஷம் என்பது வெறும் மூடத்தனமென்று நினைக்கிறோம். அதற்குள்ளே எப்போதும் யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகம் இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோதும் இதே பழைய கிணற்றுக் கதையைப் புது உருவத்தில் பரப்பினார்கள்.

பக்தி குறைந்து விஞ்ஞானம் ஓங்கிய காலத்தில் கதையும் தன் உடையை மாற்றிக்கொண்டது. மதத்துக்குப் பதிலாக ரத்தம், இனம் என்றார்கள். 1879-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்பவர் இந்த வெறுப்புக்கென்றே ஒரு சங்கம் வைத்து, சாஸ்திரம்போல் தொனிக்கும் ஒரு பெயரையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1903-இல் ருஷ்யப் பத்திரிகை ஒன்றில், "சீயோன் பெரியோர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்" என்ற நூல் வெளியாயிற்று. உலகத்தைப் பிடிக்க யூதர்கள் இரகசியமாகக் கூடிச் சதி செய்ததாக அது கூறிற்று. 1921-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை உண்மையை வெளியிட்டது: 1864-இல் மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைக் கேலி செய்து எழுதிய ஒரு நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியது அது! மூல நூலில் யூதர் பேச்சே கிடையாது. நரகத்தில் மாக்கியவெல்லியும் மாண்டெஸ்கியூவும் சம்பாஷிப்பதாக எழுதியது. இலக்கியத் திருட்டு நம் ஊரிலும் நடப்பதுண்டு. ஆனால் ஒரு திருட்டுப் புத்தகம் இத்தனை உயிரைக் குடித்ததாகக் கேள்வியில்லை. மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு தம் பத்திரிகையில் இந்தச் சரக்கைத் தொடர்ந்து வெளியிட்டுவிட்டு, 1927-இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். 1988-இல் ஹமாஸ் இயக்கம் வெளியிட்ட சாஸனத்தில் இதே போலி நூல் சாட்சியாகக் காட்டப்பட்டிருக்கிறது. ருஷ்யச் சக்கரவர்த்தியின் காலத்துப் பொய், ஒரு பிரெஞ்சுக் கேலிப் புத்தகத்திலிருந்து கிளம்பி, காஸா வரையில் போயிருக்கிறது.

சென்னைக்கும் வந்திருக்கிறது. என் அக்காள் பிள்ளை ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். கெட்டிக்காரன், ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவன். யூதர் ஒருவரைக்கூட அவன் ஆயுளில் கண்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கைபேசியை என் முன்னால் நீட்டி, "மாமா, உலகத்தை உண்மையில் யார் ஆளுகிறார்கள் தெரியுமா?" என்றான்.

மூன்று நிமிஷப் படம். பின்னணியில் திகிலூட்டும் சங்கீதம். தமிழில், நல்ல கணீரென்ற குரலில், ஒருவர் பேசுகிறார்: 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் நேதன் ராத்ஸ்சைல்டு என்ற யூதர் குதிரைமேல் நின்று யுத்தத்தைப் பார்த்தாராம், புயலில் கடலைக் கடந்து லண்டனுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தாராம், பொய்ச் செய்தி பரப்பி, விழுந்த பத்திரங்களையெல்லாம் வாங்கி, ஒரே நாளில் இங்கிலாந்தையே விலைக்கு வாங்கிவிட்டாராம். அன்றிலிருந்து இன்றுவரை யுத்தம், விலைவாசி, வியாதி எல்லாம் அந்த ஒரு குடும்பத்தின் வேலையாம்.

"இதை யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தானே, மாமா? பத்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்."

நேதன் ராத்ஸ்சைல்டு வாட்டர்லூவின் பக்கமே போனவரல்ல, லண்டனில் இருந்தார். போர்க்களக் கதை 1846-இல், "சைத்தான்" என்று கையெழுத்துப் போட்டு ஒருவர் பாரிஸில் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்திலிருந்து கிளம்பியது. 1940-இல் நாஜிகள் அதையே சினிமாவாக எடுத்தார்கள். இதையெல்லாம் நான் சொன்னபோது மருமான் திகைத்துப் போனான். தான் பார்த்தது நாஜிகளின் படக்கதை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படத்தில் ஸ்வஸ்திகமா போட்டிருந்தது? நம் ஊர் நடைபாதைப் புத்தகக் கடைகளிலே ஹிட்லரின் சுயசரிதை, வாழ்க்கையில் முன்னேறும் வழி சொல்லும் புத்தகங்களுக்கு நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறதல்லவா, அதைப் போலத்தான்.

ஏன் இவனைப் போன்ற நல்ல பிள்ளைகள் மயங்குகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மற்ற ஜாதித் துவேஷங்களில் நாம் ஒருவனைத் தாழ்ந்தவன் என்று நினைத்து வெறுக்கிறோம். அதில் நல்ல மனிதனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் உண்டாகும். யூதனை மட்டும் எல்லாம் வல்லவன், சூத்திரதாரி என்று நினைத்து வெறுக்கிறார்கள். அப்படி வெறுப்பவனுக்குக் கூச்சம் ஏது? எளியவனை மிதிப்பதாக அவனுக்குத் தோன்றுவதில்லை. வலியவனை எதிர்க்கும் வீரனாகவும், பிறர் அறியாததை அறிந்த ஞானியாகவும் தன்னைப் பாவித்துக்கொள்கிறான். உலக ஜனத்தொகையில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறாத ஒரு சமூகத்தைப் பார்த்து இந்தப் பயமும் இந்தப் பெருமிதமும்! பிட்ஸ்பர்க் கொலைகாரனின் கோபம் என்ன? யூதர்கள் அகதிகளை, முக்கியமாக முஸ்லிம்களை, அமெரிக்காவுக்குள் கொண்டுவருகிறார்கள் என்பது. பம்பாய்க்கு வந்தவர்களின் கோபம் என்ன? யூதர்கள் முஸ்லிம்களின் ஜன்ம விரோதிகள் என்பது. இரண்டு கதைகளிலும் வில்லன் ஒருவனே.

முன்னெல்லாம் இந்தக் கதை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வருஷக் கணக்காகும். இப்போது கைபேசிக் கம்பெனிகளுக்கு ஜனங்களின் ஆத்திரமே வருமானம். ஒரு படத்தைப் பார்த்து முடிக்குமுன் அதைவிடக் காரமான அடுத்த படம் தானே வந்து நிற்கிறது. 2023 அக்டோபர் 29-ந் தேதி, ருஷ்யாவிலுள்ள தாகெஸ்தானில் மகாச்கலா விமான நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. டெல் அவீவிலிருந்து வந்த விமானத்தில் யூதர்கள் இருக்கிறார்களா என்று பிரயாணிகளின் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். அழைப்பு வந்தது கைபேசி வழியாகத்தான்.

அந்த அக்டோபர் மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அம்மாதம் 7-ந் தேதி ஹமாஸ் படையினர் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பின் இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில் காஸாவில் மாண்டவர்களின் தொகை 70,000-த்தைத் தாண்டியதாக அங்குள்ள சுகாதார இலாகா 2025 நவம்பரில் அறிவித்தது. இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுத்த குழந்தைகளை உலகம் முழுவதும் கண்டது. அதைக் கண்டு மனம் கொதிக்காதவன் மனிதனல்ல. ஓர் அரசாங்கம் செய்யும் கொடுமையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கண்டிக்கலாம். கண்டித்த வாயையெல்லாம் "யூத துவேஷி" என்று சொல்லி அடைக்கப் பார்ப்பவர்கள் யூதர்களுக்கு நன்மை செய்யவில்லை. மெய்யான ஓநாய் வரும்போது கூப்பிட வார்த்தையில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் மான்செஸ்டரில் விரதமிருந்த கிழவர் காஸாவின் மேல் குண்டு போட்டாரா? பிரிட்டனில் யூதர்களைத் தாக்கியும் ஏசியும் நடந்த சம்பவங்கள் அந்த அக்டோபரில் உச்சத்துக்குப் போனது எப்போது என்று பார்த்தால், இஸ்ரேலின் தரைப்படை காஸாவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே! யூதர் செத்த செய்தி கேட்டே யூதரை அடிக்கக் கிளம்பியவர்களும் இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம். அதே மாதத்தில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் யுத்தத்தை நிறுத்தக் கோரி நூற்றுக்கணக்கான யூதர்கள் தரையில் உட்கார்ந்து கைதானார்கள். ஆட்சி வேறு, ஜனங்கள் வேறு என்பதை நாம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. ஆங்கில ஆட்சியை மூச்சுள்ளவரை எதிர்த்த காந்தியடிகள், ஆங்கிலேயரை வெறுக்க ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் அவருடைய சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உள்பட, தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையின் நிலத்தை 1910-இல் கொடுத்து உதவியவர் ஹெர்மன் காலென்பாக் என்ற யூதர்.

இவ்வளவையும் அன்று மாலை மருமானிடம் ஏறக்குறைய இதே வரிசையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி மாமா, ஒப்புக்கொள்கிறேன்" என்றான். பிறகு சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"ஆனால் எங்கள் கம்பெனியில் போன மாதம் ஒரே நாளில் இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் பக்கத்து மேஜைக்காரனும் போய்விட்டான். வீட்டு வாடகை வருஷா வருஷம் ஏறுகிறது. இதற்கெல்லாம் அப்போது யார்தான் காரணம்?"

நான் அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியதில் ஆரம்பித்தேன். அங்கிருந்து அவர்களுடைய கம்பெனிக்கு வேலை கொடுப்பவர்கள் செலவைச் சுருக்கியதற்கும், மனிதர் செய்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியதற்கும், நகரத்தில் மனை விலை ஏறும் விதத்துக்கும் வந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அக்காள் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப் போயிற்று.

"இது மூன்று நிமிஷத்தில் அடங்காது போலிருக்கிறதே, மாமா!" என்றான்.

"அடங்காது, அப்பா" என்று சொல்லிவிட்டு, வாடகை விஷயத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.